கேபிள் தோற்ற ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் சண்டைகள் நேரம் குறித்து நடந்தன. எதில் கருத்து வேறுபட்டாலும் ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்குப் பிறகு அதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்வோம். அப்பா நடுவர். தலைப்பின் இரண்டு பக்கங்களையும் துண்டுச் சீட்டுகளில் எழுதி, ஒரு சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்கி, அக்காவும் நானும் ஆளுக்கொன்று எடுப்போம். சொந்த விருப்பத்துக்காகப் பேசுகிறவர் கோபப்படுவார், கைக்கு வந்த பக்கத்துக்காகப் பேசுகிறவர் சிந்திப்பார் என்பது அப்பாவின் கொள்கை. ஆளுக்கு நான்கு நிமிடம். மறுப்புரைக்கு ஒரு நிமிடம். தீர்ப்பு எதுவோ அது அன்றைக்கே நடைமுறைக்கு வந்துவிட வேண்டும். வாசல் கதவுக்குப் பச்சை வண்ணம் அடித்ததும், மொட்டை மாடியில் தகரக் கூரை போடாமல் விட்டதும் இப்படி முடிவானவைதாம். அம்மா மட்டும் தொடக்கத்திலேயே விலகிக்கொண்டார். நாள் முழுக்கப் பள்ளியில் பேசிவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலாவது ஓய்வு கொடுங்கள் என்றார்.

இந்த வழக்கம் உருவானதற்கு நானே காரணம். எட்டாம் வகுப்பில் முதல் மேடை ஏறியதிலிருந்து எனக்குப் பயிற்சிக்கு ஆள் தேவைப்பட்டது. வீட்டில் அக்காதான் கிடைத்தாள். அவளைத் தோற்கடித்துப் பழகியே நான் மற்றவர்களைத் தோற்கடிக்கக் கற்றேன். கல்லூரியில் சேர்ந்த பிறகு, மாமல்லபுரத்தில் நடந்த ஒரு போட்டியில் ஒலிபெருக்கி பாதியில் நின்றுபோனபோது, கடைசி வரிசை வரை என் குரலைக் கொண்டுசேர்த்துப் பேச்சை முடித்தேன். அதில் வென்ற கேடயம் இன்றும் கூடத்துக் கண்ணாடி அலமாரியின் நடுவில் இருக்கிறது. அதை நடுவில் வைத்தவள் நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் சொல்லவந்த விவாதத்தின் பொருள் மிகச் சாதாரணமானது. வீட்டில் இருந்த பழைய கணினியிலிருந்து புதிய லேப்டாப்புக்குக் கோப்புகளை எந்த வழியில் மாற்றுவது என்பதே அது. ஆனால் அந்தக் கோப்புகள் எங்களுக்குச் சொந்தமானவை அல்ல. அவை ஒருத்திக்காக அம்மா படித்து வைத்தவை.

அம்மா செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவரிடம் பிளஸ் டூ முடித்துச் சென்றவர்களில் பிறவியிலேயே பார்வையற்ற ஒரு மாணவியும் இருந்தாள். கடப்பாக்கத்துக்காரி, அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர். எங்கள் ஊரில் விடுதியில் தங்கிப் படித்தாள், பட்டமும் வாங்கினாள், பிறகு அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தாள். அவளுக்கு வேண்டிய புத்தகங்கள் எல்லாம் அச்சில்தான் இருந்தன. அவற்றைத் தனக்குப் படித்துக்காட்ட முடியுமா என்று அவள் அம்மாவிடம் கேட்க, அம்மா கூடத்து மூலையில் இருந்த பழைய கணினியின் முன் ஒரு மைக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பள்ளியிலிருந்து வந்து காபி குடித்ததும் ஒரு பாடம், விடுமுறை நாளென்றால் இரண்டு மூன்று. மூன்று ஆண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட பாடங்கள் சேர்ந்திருந்தன.

கோப்புகளுக்குப் பெயரிடுவதில் அம்மா காட்டிய கவனத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அவள் போன் திரையில் இருப்பதை ஒரு குரல் படித்துச் சொல்லும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவள் பாடங்களைத் தேடி எடுப்பாள். ஆகவே ஒவ்வொரு கோப்புக்கும் பாடத்தின் பெயரை முழுமையாகத் தமிழிலேயே இட்டார். எண்களை எண்களாகப் போட்டால் அந்தக் குரல் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறது என்று அவள் ஒருமுறை குறைப்பட்டதால், ‘பாடம் பதினேழு’ என்று எண்களையும் எழுத்தில் எழுதினார். தொடக்கத்தில் ஒவ்வொரு பதிவின் முதலிலும் பாடத்தின் தலைப்பை வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் அவள் நிறுத்தச் சொல்லிவிட்டாள். பெயரில்தான் இருக்கிறதே, திரும்பத் திரும்பக் கேட்டால் நேரம் வீணாகிறது என்றாளாம். எனவே பதிவுகள் எல்லாம் பாடத்தின் முதல் வாக்கியத்திலேயே நேராகத் தொடங்கின.

அவள் ஏற்கெனவே ஒருமுறை தேர்வெழுதி மயிரிழையில் தவறவிட்டிருந்தாள். இந்த முறையும் தவறினால் மாமல்லபுரத்தில் ஒரு தங்கும் விடுதியில் தொலைபேசி எடுக்கும் வேலைக்குச் சேர்ந்துவிடுவது என்று அவள் வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவளுடைய போன் தண்ணீரில் விழுந்து, அதிலிருந்த பாடங்களும் போயின. புது போனுக்கு ஒரு மெமரி கார்டு வாங்கி, எல்லாப் பாடங்களையும் மறுபடி அதில் போட்டுத் தரும்படி அம்மாவுக்குக் கொடுத்தனுப்பினாள்.

கார்டைச் செருகப் பழைய கணினியில் இடமில்லை. பென் டிரைவும் ஒத்துவரவில்லை; அது செருகும் வாய்கள் தளர்ந்து, இரண்டு முறை பாதியில் இணைப்பு அறுந்தது. கணினியோ எந்த நேரமும் நின்றுவிடும் என்பதுபோல இரைந்துகொண்டிருந்தது. எனவே எல்லாவற்றையும் முதலில் லேப்டாப்புக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதில் ஒருமித்த கருத்து இருந்தது. எப்படி என்பதில்தான் இல்லை. இரண்டையும் நேரே கேபிளால் இணைக்கலாம். ஆனால் லேப்டாப்பில் அந்தக் கேபிள் செருகும் இடமில்லாததால் அதற்கொரு இணைப்பான் வேண்டும். அக்கா படூரில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறாள்; திங்கள் மாலை அங்கிருந்து இரண்டையும் கொண்டுவர முடியும். அல்லது, கோப்புகளை மூட்டையாகக் கட்டி, அதாவது ஜிப் செய்து, இணையத்தில் ஏற்றி, லேப்டாப்பில் இறக்கிக்கொள்ளலாம். அதை அன்றைக்கே தொடங்கலாம்.

சீட்டெடுத்தோம். அக்காவுக்குக் கேபிள் வந்தது, எனக்கு இணையம்.

மனசாட்சிக்குக் கட்டுப்பட்டு ஒன்றைச் சொல்கிறேன். கேபிள்தான் சரி என்று எனக்கும் தோன்றியது. ஆய்வகத்தில் நாள்தோறும் கணினிக்குக் கணினி கோப்பு மாற்றுகிறவள் அவள். நானோ கோப்பு என்றால் போட்டிக்கான குறிப்புகள் வைக்கும் அட்டையை நினைக்கிறவள். ஆனால் சீட்டு கைக்கு வந்தபின் அப்படி யோசிப்பது எங்கள் மரபுக்கு ஒவ்வாது.

அக்கா முதலில் பேசினாள். பேசினாள் என்பதைவிடத் தகவல் தெரிவித்தாள் என்பதே பொருந்தும்.

“கேபிள்ல போட்டா இங்க எப்படி இருக்கோ அங்க அப்படியே போவும். ஃபோல்டரு, பேரு, எதுவும் மாறாது. காலேஜ்ல தினம் இதத்தான் பண்றோம். ஒரு நாள் பொறுத்தா போதும்.”

அவ்வளவுதான். மூன்றரை நிமிடம் மீதி இருக்கும்போதே உட்கார்ந்துவிட்டாள்.

நான் எழுந்தேன். அப்பாவை நடுவர் அவர்களே என்று விளித்துத் தொடங்கினேன். எதிரணி நம்பியிருக்கும் கேபிள் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். படூரில் ஒரு பூட்டிய அறையில் இருக்கிறது என்று நானே பதில் சொன்னேன். இரையும் கணினியைச் சுட்டிக்காட்டி, இன்னும் ஒரு நாள் தாங்குவேன் என்று இது யாரிடமாவது எழுதிக் கொடுத்திருக்கிறதா என்றேன். அக்கா சொன்ன ஒரே பயனுள்ள சொல்லையும் நான் விட்டுவைக்கவில்லை. “பெயர் மாறாமல் இருக்கக் கேபிள் வேண்டுமாம், நடுவர் அவர்களே. எங்கள் குடும்பம் இத்தனை ஆண்டுகளாகக் கேபிள் இல்லாமல்தான் நல்ல பெயரைக் காப்பாற்றி வந்திருக்கிறது” என்றேன். அப்பா சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தாள். முடிவில் குரலைத் தாழ்த்தி, கடற்கரை ஊரில் ஒளியையே அறியாத ஒருத்தி நமக்காகக் காத்திருக்கிறாள், அவளுடைய ஒரு நாளைச் செலவழிக்க நாம் யார் என்று கேட்டு, சரியாக நான்காவது நிமிடத்தில் அமர்ந்தேன்.

அந்தப் பேச்சில் குறை இருந்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை. கட்டுக்கோப்பான பேச்சு. தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்ததில் வியப்பில்லை.

வென்ற பக்கமே வேலையையும் செய்ய வேண்டும் என்பதால் அன்று மாலையே தொடங்கினேன். பழைய கணினியில் எப்போதோ யாரோ ஏற்றிவைத்த ஒரு ஜிப் மென்பொருள் இருந்தது. கணினியில் இடம் போதவில்லை. எனவே வரலாறு, புவியியல், அறிவியல், அரசியலமைப்பு என்று நான்கு மூட்டைகளாகக் கட்ட வேண்டியதாயிற்று. ஒன்றைக் கட்டி முடித்ததும் மூலக் கோப்புகளை நீக்கினால்தான் அடுத்ததற்கு இடம் கிடைத்தது. நீக்கினேன். திங்கட்கிழமை முழுவதும் மூட்டைகள் இணையத்தில் ஏறின. செவ்வாயன்று லேப்டாப்பில் இறக்கி, அவிழ்க்கும்போது, இதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது, அதன்மேல் எழுதட்டுமா என்று கேட்டது. அனைத்துக்கும் ஆம் என்று அழுத்தினேன். அன்று மாலை ஒரு போட்டிக்குப் போக வேண்டியிருந்தது. கார்டில் நகலெடுத்துக் கொடுத்தேன். செய்யூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அப்பா, மறுநாள் வேலை முடிந்ததும் கடப்பாக்கம் வரை போய் அவள் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை காலை, அம்மா பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது அவள் அழைத்தாள். அம்மா இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“டீச்சர், நான்தான். கார்டு வந்துச்சு. ஆனா பேரு ஒண்ணுகூட வரல டீச்சர்.”

“பேரு வரலன்னா?”

“எத தொட்டாலும் அண்டர்ஸ்கோர் அண்டர்ஸ்கோர் அண்டர்ஸ்கோர்னு சொல்லிகினே போவுது. பத்து தபா, பாஞ்சு தபா. வரலாறுன்னு தேடினா ஒண்ணுமில்லன்னுது. அதுவும் இல்லாம எண்ணிப் பாத்தேன். நாப்பத்தேழுதான் கீது. மீதி எங்க டீச்சர்?”

அம்மா என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை நான் ஒருமுறைகூடத் திறந்து பார்த்திராத கோப்புறைகளில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கீழ்க்கோடுகள் வரிசைகட்டி நின்றன. சில வரிசை நீளம், சில குட்டை. எழுத்து ஒன்றுகூட இல்லை.

மாலையில் அக்கா வந்து பார்த்துவிட்டு விளக்கினாள். அந்த மென்பொருள் மிகப் பழையது. தமிழ் எழுத்து அதற்குத் தெரியாது. தெரியாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கோடு போட்டிருக்கிறது. ஒரே நீளமுள்ள பெயர்களெல்லாம் இப்போது ஒரே பெயராகிவிட்டன. அவிழ்க்கும்போது ஒன்றின்மேல் ஒன்றை எழுதட்டுமா என்று அது கேட்டதற்கு, எழுது என்று நான் அனுமதி கொடுத்திருக்கிறேன். பழைய கணினியில் நீக்கியவற்றை மீட்க முடியுமா என்றும் பார்த்தாள். நீக்கிய இடத்தின்மேலேயே அடுத்தடுத்த மூட்டைகள் உட்கார்ந்துவிட்டிருந்தன.

“மூட்டைக்குள்ள எல்லாம் இருக்குதுப்பா” என்று அப்பாவிடம் சொன்னாள். “மேல எழுதாம தனித்தனியா அவிழ்த்தா குரல் அத்தனையும் திரும்ப வந்துடும். பேருதான் வராது.”

அவிழ்த்தாள். வந்தன. முந்நூற்றுச் சொச்சம் கீழ்க்கோட்டு வரிசைகள். பதிவு செய்த நாளை வைத்து வரிசைப்படுத்தலாமே என்றேன். அதுவும் உதவாது என்றார் அம்மா. அவள் எந்தப் பாடம் வேண்டும் என்று கேட்டாளோ அதைத்தான் அந்தந்த நாளில் படித்திருக்கிறார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, மைக்கின் முன் உட்கார்ந்து, புத்தகத்தை எடுத்தார்.

“நான் மறுபடியும் படிச்சிடுறேன்.”

“மூணு வருஷம் படிச்சதம்மா அது” என்றாள் அக்கா. “பரீட்சைக்கு இருக்குற பதினோரு நாள்ல எப்படி படிப்ப?”

அம்மா புத்தகத்தை மூடவில்லை. தீர்ப்பைக் கொடுத்தவன் நான்தானே என்று அப்பா மெல்லச் சொன்னார். ‘அப்பவே சொன்னேன்’ என்று சொல்ல அக்காவுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவள் சொல்லவில்லை. சமையலறையில் தனியாக நின்றுகொண்டிருந்த என்னிடம் வந்து, “பேரு போவும்னு எனக்கும் தெரியாதுடீ. கேபிள்ல போவாதுன்னு மட்டும்தான் தெரியும்” என்றாள். எனக்காக அவள் கண்டுபிடித்துக் கொண்டுவந்த அந்த நியாயத்தைக் கேட்டபிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

கடப்பாக்கத்துக்கு நானே போன் செய்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். எதிர்முனையில் கடல் இரைந்துகொண்டிருந்தது.

“யாரு, கப்பு வாங்குற பொண்ணா?”

ஆமாம் என்றேன்.

“குரலு எல்லாம் கீதா, இல்ல அதுவும் பூட்ச்சா?”

“குரல் எல்லாம் இருக்குது. பேர்தான் இல்ல.”

“அப்ப லேப்டாப்ப எடுத்துகினு இங்க வா. டீச்சர் ரெண்டு வார்த்த படிச்சா எந்த பாடம்னு சொல்லிடுவேன். நான் சொல்றேன், நீ அடி. புக்கையும் எடுத்துகினு வா. சில பாடம் நான் இன்னும் கேக்கல.”

சனிக்கிழமை முதல் பேருந்தில் கிளம்பி, மதுராந்தகத்தில் மாறி, செய்யூர் வழியாகக் கடப்பாக்கத்தில் இறங்கினேன். மடியில் லேப்டாப்; தோள்பையில் நான்கு புத்தகங்கள். வழியெல்லாம் மன்னிப்புரை ஒன்றைத் தயாரித்துக்கொண்டே போனேன். முன்னுரையும் மூன்று பகுதிகளும் அமைந்துவிட்டன. முடிவுரைதான் சரியாக வரவில்லை. அவள் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. பேருந்து நிறுத்தத்திலேயே அவளுடைய அம்மா நின்றிருந்தார். தார்ப்பாயில் கருவாடு காயும் வாசல்களைக் கடந்து அழைத்துப் போனார்.

அவள் என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவள். நான் உள்ளே நுழைந்து, முன்னுரையின் முதல் வாக்கியத்தை எடுத்ததும் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“அத்த அப்பறம் பேசலாம். ஒயர எங்க சொருவணும், சொல்லு.”

இயர்போனை மாட்டிக்கொண்டு, ஒலிக்கும் வேகத்தை மும்மடங்காக்கச் சொன்னாள். ஒரு காதில் மட்டும் மாட்டி, மற்றதை என் பக்கம் தொங்கவிட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அம்மாவின் குரல் சிட்டுக்குருவிக் கூச்சல்போல ஓடியது. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவள் இரண்டாவது நொடியிலேயே, “பல்லவர் ஆட்சி, பாடம் ஆறு, முதல் பகுதி” என்றாள். நான் அடித்தேன். அடுத்தது. “அடிப்படை உரிமைகள், ரெண்டாவது பகுதி.” அடித்தேன். சில நேரம் சொற்களே தேவைப்படவில்லை. பின்னால் ரயில் போகும் சத்தம் வந்தாலே, “இது பருவக்காற்று. டீச்சர் நிறுத்துவாங்க பாரு, ரயிலு போனப்பறம்தான் ஆரம்பிப்பாங்க” என்றாள். இன்னொன்றில் அம்மா தண்ணீர் குடித்த டம்ளரின் ஓசையை வைத்துச் சொன்னாள். எங்கள் கூடத்தின் மூன்றாண்டு ஓசைகள் அவளிடம் பாடவாரியாகப் பிரிந்து இருந்தன.

பத்துமணி வாக்கில் ஒரு கோப்பைத் தொட்டதும் சிரித்தாள்.

“இது நீ கத்துற பாடம்.”

புரியாமல் பார்த்தேன். வேகத்தைக் குறைத்து என்னைக் கேட்கச் சொன்னாள். அம்மா மொகலாயர் நிர்வாகத்தைச் சீராகப் படித்துக்கொண்டிருக்க, பக்கத்து அறையிலிருந்து என் குரல் ஏற்ற இறக்கத்தோடு யாரையோ எதிர்த்துக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு போட்டிக்கான ஒத்திகை.

“இது மாதிரி ஒம்போது பாடத்துல நீ கீற. டீச்சரும் நிறுத்த மாட்டாங்க, நீயும் நிறுத்த மாட்ட. மூணு ஸ்பீடுல கேட்டா உன் சவுண்டு கொசு மாதிரி இருக்கும். ஒண்ணும் பண்ண முடியாது, அத்தோட சேத்துதான் படிப்பேன்.”

மேடைகளில் எனக்குப் பல விமர்சனங்கள் கிடைத்ததுண்டு. மூன்றாண்டுகளாக என்னைக் கேட்க வேண்டியிருந்தும் அறையை விட்டு எழுந்துபோக முடியாத ஒரே பார்வையாளர் அவளே என்பதால், இதற்கு மட்டும் நான் மறுப்புரை சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த ஒன்பதில் ஒன்று வரும்போதெல்லாம் அவள் விரலை என் பக்கம் நீட்டினாள், நான் அடித்தேன்.

அன்று மாலைக்குள் பாதிக்கு மேல் முடிந்தது. இரவு அங்கேயே தங்கச் சொன்னார்கள், தங்கினேன். ஞாயிறு காலை மறுபடி உட்கார்ந்தோம். அவள் இன்னும் கேட்டிராத பாடங்கள் வந்தபோதுதான் வேகம் குறைந்தது. அவள் முதல் வாக்கியத்தைச் சொல்வாள். நான் புத்தகத்தில் தேடித் தலைப்பைக் கண்டுபிடிப்பேன். இரண்டு மூன்று இடங்களில் எனக்கு முன்பே அவள் ஊகித்துவிட்டாள். பதினோரு நாள் எட்டாகிவிட்டதை இருவரும் குறிப்பிடவில்லை.

மதியம் புவியியலில் ஒரு கோப்பு திறக்கவே இல்லை. ஏறும்போதோ இறங்கும்போதோ சிதைந்திருக்க வேண்டும். எது விடுபட்டிருக்கிறது என்று புத்தகத்தின் பொருளடக்கத்தோடு ஒப்பிட்டுக் கண்டோம்: நீர்ப்பாசனம், பாடம் பதினொன்று. ஏரிகளையும் அணைகளையும் பற்றியது. சென்ற முறை அதிலிருந்து மூன்று கேள்வி வந்தது என்றாள். நான் இரவு வீட்டுக்குப் போனதும் அம்மாவைப் படிக்கச் சொல்லி அனுப்புகிறேன் என்றேன்.

“புக்கு உங்கிட்டதான கீது? நீயே படி.”

எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. ஒன்றுக்காவது என்னால் முறையாக ஈடுசெய்ய முடியும் என்று நினைத்தேன். போனில் பதிவை அழுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து, முதல் பத்தியைப் படித்தேன். ‘தமிழகத்தின் ஏரிப் பாசனம்’ என்ற சொற்களுக்கு உரிய கம்பீரத்தைக் கொடுத்தேன். பட்டியல் வந்த இடத்தில் படிப்படியாகக் குரலை உயர்த்தி, கடைசி ஏரியின் பெயருக்கு முன் ஓர் இடைவெளி விட்டேன். அவள் அதை வாங்கி வேகமாக ஓட்டிக் கேட்டுவிட்டுத் தலையசைத்தாள்.

“ஆவாது. நீ நிறுத்துற எடத்துல பாடம் முடிஞ்சிபோச்சுன்னு நெனச்சிக்கினேன். மறுபடி படி.”

இரண்டாம் முறை இடைவெளிகளை எடுத்துவிட்டேன். அப்போதும் அவள் முகம் தெளியவில்லை.

“ஒரு ஊரு பேரு சத்தமா வருது, ஒரு ஊரு பேரு வரல. எனக்கு எல்லாமே ஒண்ணுதான். எதுல கேள்வி வரும்னு உனக்கு தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“அப்ப எல்லாத்தையும் ஒரே மாதிரி வை. பேசாத. படி.”

கோபமில்லாமல்தான் சொன்னாள். மூன்றாம் முறை புத்தகத்தை மடியில் தாழ்த்தி வைத்துக்கொண்டு, எதையும் எவருக்கும் நிரூபிக்காமல், ஒரு வாக்கியத்துக்குப் பின் அடுத்த வாக்கியம் என்று படித்தேன். அது நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. முற்றுப்புள்ளிகளில் குரல் தானாக மேலேறப் பார்த்தது; பிடித்து இறக்கினேன். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் புத்தகத்தின் இரு ஓரங்களையும் பற்றிக்கொண்டேன். பதினெட்டு நிமிடம் ஆயிற்று. நடுவில் ஒருமுறை அவளுடைய அம்மா வாசலில் மீன் விற்பவர் யாருடனோ பேசும் குரலும் பதிவானது, அதை நிறுத்தவில்லை.

அவள் கேட்டாள். மும்மடங்கு வேகத்தில் என் குரலும் சிட்டுக்குருவியாக ஓடியது. ஆறு நிமிடமும் முகத்தை அசைக்காமல் கேட்டுவிட்டு, “இப்ப ஓடுது” என்றாள். பிறகு பெயரைச் சொன்னாள். எண்ணை எழுத்தில் அடித்தேன்.

நான்கு மணிக்குள் எல்லாம் முடிந்து, கார்டில் ஏற்றி, அவள் போனில் போட்டுக் கொடுத்தேன். இந்த முறை நகலானதும் எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு கோப்புறையையும் திறந்து, அந்தக் குரல் பெயர்களைச் சொல்லச் சொல்லக் கேட்டேன். அவள் தேடும் பெட்டியில் ‘வரலாறு’ என்று சொன்னாள். வரிசையாக வந்தன. அவள் தோள்கள் இறங்கியதைப் பார்த்தபோதுதான் இரண்டு நாளாக அவை உயர்ந்தே இருந்தன என்பது எனக்குத் தெரிந்தது.

பையைக் கட்டிக்கொண்டு எழுந்தேன். பேருந்தில் தயாரித்த உரை அப்படியே இருந்தது. அதன் முடிவுரையும் இப்போது வந்துவிட்டிருந்தது. அவள் எதிரே நின்று, நான் செய்தது சாதாரணத் தவறு அல்ல என்று தொடங்கினேன். இயர்போனை அவள் காதில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் சாய்ந்து, முழங்காலில் விரலால் தாளம்போல் எதையோ குறித்துக்கொண்டு, உதடுகள் மட்டும் அசைய, பாடத்துக்குள் போய்விட்டிருந்தாள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அவளுடைய அம்மா செய்தித்தாளில் பொதிந்த கருவாட்டை என் பையில் திணித்தார்.

“படிக்க சொல்லோ கூப்ட்டா அதுக்கு கேக்காதும்மா. நீ கெளம்பு, பஸ்ஸு வந்துடும்.”